மூன்று மைலுக்குக் கால் மைல் குறைவு

வாசலில் ஒரு பித்தளைப் பலகை பதித்தே தீருவேன் என்று காஹல் மூன்று மாதமாக என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தான். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாமல் ஊர் வரலாற்றுச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, அதற்குத் தானே தலைவர், தானே செயலாளர் என்று அலைகிறான். எங்கள் நாற்சந்தி மதுக்கடைக்கு இந்த வருடம் இருநூறு வயதாம். பலகையில் பொறிக்க வேண்டிய வாசகத்தையும் அவனே எழுதிக்கொண்டு வந்து கவுண்டர் மேல் வைத்தான். "இருநூறு ஆண்டுகளாக இந்தக் கதவு எவருக்கும் அடைக்கப்பட்டதில்லை." படித்துவிட்டுக் காகிதத்தைக் குப்புறத் திருப்பி வைத்தேன்.

"நல்லா இருக்கா டீலியா?"

"ரொம்ப நீளமா இருக்கு. பித்தளை என்ன விலை விக்குது தெரியுமா?" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவனுக்கு வரலாறு வேண்டும். சொல்லக்கூடிய வரலாற்றை எல்லாம் சொன்னேன். நான்கு சாலையும் வந்து முட்டும் இடத்தில் என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா 1794இல் இந்தக் கடையைக் கட்டினார். அப்போது பின்பக்கம் கோச்சுவண்டிக் குதிரைகளுக்கு லாயம் இருந்தது. அயர்லாந்தை விட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறப் போன பிள்ளைகள் விடியற்காலையில் இங்கேதான் கடைசி மிடறு குடித்துவிட்டு, அப்பா அம்மா முகத்தைப் பார்க்காமல் கிளம்பினார்கள். 1920இல் ஆங்கிலச் சிப்பாய்கள் வந்து கண்ணாடி, பீப்பாய் எல்லாவற்றையும் உடைத்துவிட்டு, உடைக்காமல் விட்ட ஒரே பாட்டிலைக் குடித்தும் விட்டார்கள். இதற்குக் காஹல் விழுந்து விழுந்து சிரித்தான்.

அவனுக்கு ரொம்பப் பிடித்தது பிணக் கதைதான். அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. வழியில் யார் செத்துக் கிடந்தாலும் பக்கத்தில் இருக்கும் மதுக்கடைக்குத்தான் தூக்கி வர வேண்டும். கடைக்காரன் மாட்டேன் என்று சொல்ல முடியாது, சொன்னால் அபராதம். பீப்பாய் வைக்கும் அறை சில்லென்று இருக்கும் அல்லவா, அங்கே கிடத்த வேண்டும். மரண விசாரணை அதிகாரி வந்து, அக்கம்பக்கத்து ஆண்களை ஜூரியாக உட்கார வைத்து, எங்கள் கூடத்திலேயே விசாரணை நடத்துவார். அயர்லாந்தில் பாதி மதுக்கடைக்காரர்கள் சவப்பெட்டி வியாபாரமும் பார்த்தது இதனால்தான்.

"கடைசியா எந்தப் பொணம் வந்துச்சு?" என்று கேட்டான் காஹல், பேனாவைப் பிடித்துக்கொண்டு.

"ஞாபகம் இல்ல" என்றேன்.

பொய். அறுபத்து மூன்று வயதில் எனக்கு நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோகும், அந்தப் பிணம் மறக்காது. அவனிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

1953, ஜனவரி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் கிராமத்து மதுக்கடை பூட்டியிருக்க வேண்டும். ஆனால் பயணிக்கு மட்டும் விலக்கு உண்டு. முந்தின ராத்திரி படுத்த இடத்திலிருந்து மூன்று மைலுக்கு மேல் வந்தவன் பயணி. அவனுக்குத் தாகம் எடுக்கலாம், நாங்கள் ஊற்றலாம். இரண்டே முக்கால் மைலில் இருப்பவன் தாகத்தில் செத்தாலும் ஊற்றக் கூடாது. இதனால் ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் ஊர் ஆண்கள் எல்லாம் சைக்கிள் எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குக் குடிக்கப் போவார்கள், பக்கத்து ஊர் ஆண்கள் எங்கள் கடைக்கு வருவார்கள். வழியில் எதிரெதிரே பார்த்துக் கையும் ஆட்டிக்கொள்வார்கள். கேட்டால் சிரிப்பு வருகிறது இல்லையா? நாடே இதைச் சிரிக்காமல் செய்துகொண்டிருந்தது.

சைக்கிள் மிதிக்கச் சோம்பல்படும் உள்ளூர்க்காரர்களும் உண்டு. அவர்களைப் பின்வாசல் வழியாக அப்பா உள்ளே விடுவார். என் அப்பா பார்ட்லி கேரகன் இளகின மனசுக்காரர், இளகின மனசால் ஏற்கெனவே இரண்டு முறை மாட்டியவர். லைசென்ஸில் இரண்டு கரும்புள்ளி விழுந்திருந்தது. மூன்றாவது விழுந்தால் லைசென்ஸ் போய்விடும், நூற்றறுபது வருடக் கடை மாட்டுக்கொட்டகைதான். புதிதாக வந்த போலீஸ் சார்ஜன்ட் வேறு அன்றைக்கு எதிர்ச் சாலை வேலியோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்பதாகத் தகவல். உள்ளே ஒன்பது உள்ளூர்க்காரர்கள் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து மூச்சு விடாமல் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் நான்கு மணி இருக்கும். மழையும் பனியும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. முன்கதவை யாரோ தட்டினார்கள். கதவில் கையகல ஜன்னல் ஒன்று உண்டு, அதைத் திறந்து ஆளை விசாரிப்பது என் வேலை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வாய் நீளம். ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் நான் கேட்காத கதை இல்லை. பசு கன்று போட முடியாமல் கிடக்கிறது, ஒரு சொட்டு பிராந்தி கொடு. பெண்டாட்டிக்கு மயக்கம், ஒரு சொட்டு பிராந்தி கொடு. பாதிரியார் அனுப்பினார், அவருக்கே ஒரு சொட்டு. இந்த வித்தையெல்லாம் எனக்கு அத்துப்படி என்று எனக்கு ஒரே பெருமை.

ஜன்னலைத் திறந்தால் மாலக்கி டூஹி நிற்கிறான். சதுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவன். எங்கள் கடையின் பழைய வாடிக்கைக்காரன், சாதாரணக் குடிகாரன் இல்லை, மொடாக்குடிகாரன். அக்டோபரில் மாதா கோயிலுக்குப் பிரசங்கம் செய்ய வந்த சாமியார்கள் முன்னால் இனிமேல் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தான். அந்தச் சத்தியம் எத்தனை நாள் தாங்கும் என்று எங்கள் கணப்படியில் பந்தயமே ஓடிக்கொண்டிருந்தது.

"டீலியா, கதவத் தொற. வின்னிக்கு வலி வந்துடுச்சு. நர்ஸுக்குப் போன் போடணும்."

சுற்றுவட்டாரத்தில் அன்றைக்கு டெலிபோன் எங்கள் கடையில் மட்டும்தான். எனக்கு அது உறைக்கவில்லை. அவன் பெண்டாட்டி வின்னிக்குப் பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று முந்தின வாரம்தான் அவளே சொல்லியிருந்தாள். அதனால் எனக்குச் சிரிப்பு வந்தது.

"இந்த மாசத்துல இந்த ஜன்னலுக்கு வர்ற நாலாவது பொண்டாட்டி வலி இது. யார் காதுல பூ சுத்துற மாலக்கி? எங்கேருந்து வர்ற?"

"எங்கேருந்து வருவேன், வீட்லேருந்துதான். வெளயாடாத டீலியா."

"வீட்லேருந்துன்னா கால் மைல் கொறையுதே. நீ பயணி இல்லியே."

உள்ளே கணப்பருகில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "ஜனவரியத் தாண்டலடா சத்தியம்! எடு ஒரு ஷில்லிங்!" என்றது ஒரு குரல். அது தேடி என்பவன். காஹலின் அப்பா.

மாலக்கி அதைக் கேட்டிருப்பான். முகத்தில் மழை வழிந்துகொண்டிருந்தது. "சரி, நான் உள்ள வரல. நீயே போன் போட்டுச் சொல்லிடு. உடனே வரச் சொல்லு. செய்வியா?"

சார்ஜன்ட் பார்த்துக்கொண்டிருப்பாரே, இவன் வாசலில் நின்று வம்பு வளர்த்தால் என்னாவது என்ற பயம் எனக்கு. ஆள் போனால் போதும்.

"சரி சரி, போடறேன், போ."

"நீ நல்லா இருக்கணும்மா" என்றான். அவனைவிட எட்டு வயது சின்னவளான என்னை அம்மா என்றான். பாதி ஓட்டமாகத் திரும்பிப் போனான். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போய், அவன் பேசியதை அப்படியே நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். போன் கவுண்டரில் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அடுத்த கோப்பையை நிரப்பப் போனேன்.

என்னைத் திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள்ளுங்கள். நானே திட்டித் திட்டி அலுத்துவிட்டேன்.

அவசரத்தில் அவன் சாலையை விட்டுச் சதுப்பின் குறுக்கே போயிருக்கிறான். விறகுபோல எரிக்கும் கரிமண்ணை வெட்டியெடுத்த பள்ளம் ஒன்றில் விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. காலையில் பால் வண்டிக்காரன் பார்த்துவிட்டு எங்கள் அப்பாவைத்தான் வந்து கூப்பிட்டான். அப்பா விஸ்கி பாட்டிலோடு ஓடினார். இன்னும் உயிர் இருக்கும் என்ற நப்பாசை. வாயைத் திறந்து அரைக் கோப்பை ஊற்றினார். எல்லாம் கடைவாய் வழியாகச் சட்டையில் வழிந்தது. அவன் எப்போதோ போய்விட்டிருந்தான்.

சட்டப்படி எங்கள் கடைக்கே கொண்டு வந்தார்கள். உயிரோடு வந்தபோது திறக்காத கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்தோம், பலகையில் கிடத்திய ஆள் நுழைய இடம் வேண்டுமே. பீப்பாய்களுக்கு நடுவில் கிடத்தினோம். வின்னிக்கு முந்தின இரவே, பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி எதேச்சையாக எட்டிப் பார்த்துக் கைகொடுத்ததில், பெண் குழந்தை பிறந்திருந்தது. அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆள் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.

மறுநாள் விசாரணை. டாக்டர் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "விஸ்கி வாடை" என்று எழுதிக்கொண்டார். அப்பா வாயைத் திறப்பார் என்று பார்த்தேன், திறக்கவில்லை. ஜூரியில் ஏழு பேர் ஞாயிற்றுக்கிழமை கணப்படியில் இருந்தவர்கள். ஜூரித் தலைவர் தேடி.

"இறந்தவர் ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தாரா?" என்று அதிகாரி கேட்டார்.

அப்பா வேதப் புத்தகத்தில் கை வைத்து, "இல்லீங்க" என்றார். அடுத்து என் முறை. நானும் கை வைத்தேன். வந்தான் என்றால், ஏன் திறக்கவில்லை என்று வரும். உள்ளே யார் இருந்தார்கள் என்று வரும். மூன்றாவது புள்ளி வரும். "இல்லீங்க" என்றேன். ஏழு பேரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடிபோதையில் வழி தவறி விழுந்து குளிரில் மரணம் என்று தீர்ப்பு ஆயிற்று. பத்திரிகையிலும் அப்படியே வந்தது.

மார்ச் மாதம் வின்னி வந்தாள். ஊரில் தலைகாட்ட முடியவில்லை, இங்கிலாந்துக்குப் போகிறாள். குழந்தையைச் சால்வையில் கட்டியிருந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை.

"டீலியா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். கோர்ட்டுக்குப் போக மாட்டேன். எனக்கு மட்டும் சொல்லு. அன்னிக்கு அவர் இங்க வந்தாரா? நர்ஸக் கூப்பிடத்தான் போறேன்னு சொல்லிட்டுப் போனாரு. வந்தாரா?"

அப்பா பின்கட்டில் இருமிக்கொண்டிருந்தார். நான் அவள் கண்ணைப் பார்த்தேன். "வரல வின்னி" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

1960இல் அந்த மூன்று மைல் சட்டமே ஒழிந்தது. அடுத்த வருடம் அப்பா போனார். அதற்குப் பிறகு லைசென்ஸுக்கும் ஆபத்து இல்லை, அப்பாவுக்கும் அவமானம் இல்லை. எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு சாக்கும் மிச்சமில்லை. இருந்தும் நான் ஒரு தபால் போடவில்லை. முப்பத்து மூன்று வருடம் தபால்பெட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், வெட்கங்கெட்டவள்.

இனி பலகை விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாசகத்தை வைத்துக்கொண்டு காஹல் என்னோடு மல்லுக்கு நின்றானே, அதே மத்தியானம் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். கறுப்புக் கோட்டு, இங்கிலாந்துப் பேச்சு, நம்மூர் நெற்றி. நாளைக்கு ஒரு சவ அடக்கம், அது முடிந்ததும் இருபத்தைந்து பேருக்கு சூப்பும் சாண்ட்விச்சும் வேண்டும் என்றாள்.

"யார் போனது?" என்று கேட்டேன், நோட்டில் எழுதிக்கொண்டே.

"எங்க அம்மா. வின்னி டூஹி. இங்கிலாந்துல, கவண்ட்ரில தவறிட்டாங்க. நேத்துதான் இங்க கொண்டு வந்தோம், கோயில்ல வெச்சிருக்கு. நான் பினோலா."

பேனா நின்றது. காஹல் எழுந்து அவள் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னான். பிறகு நல்லது சொல்வதாக நினைத்து, "அப்பா பக்கத்துலயே வெச்சிடலாம், நம்ம கோயில் தோட்டத்துல எடம் இருக்கு" என்றான்.

"இல்லீங்க. அங்க வேணாம்னு அம்மா எழுதியே வெச்சிட்டாங்க. அவங்க அப்பா அம்மா இருக்கற கல்லறைக்குத்தான் போகணுமாம், பன்னெண்டு மைல் தள்ளி. அங்க கோயில் மூடிக் கெடக்கறதால பூசை மட்டும் இங்க. இன்னிக்குச் சாயங்காலம் அங்க குழி தோண்ட ஆள் வருது." அவள் சற்றுத் தயங்கினாள். "நான் பொறந்துக்கிட்டிருக்கும்போது அவர் குடிக்கப் போயிட்டாரு. பண்ண சத்தியத்தையும் ஒடச்சிட்டாரு. அவர் பக்கத்துல படுக்க மாட்டேன்னாங்க. எங்க வீட்ல அவர் போட்டோ கெடையாது. என் பொறந்த நாளக்கூட நாங்க கொண்டாடினதில்ல. அதேதான அவர் செத்த நாளும்."

காஹல் குனிந்து பலகை வாசகத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அவள் கண்ணில் படாமல் அதை ஏன் ஒளிக்கிறான் என்று பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. அவன் அப்பா தேடி, சாவதற்கு முன்னால் மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் செத்திருக்கிறான். காஹலுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த வாசகத்தை எழுதியிருக்கிறான், எழுதினால் உண்மையாகிவிடும் என்ற நம்பிக்கையில்.

"பினோலா, உக்காரும்மா" என்றேன்.

"டீலியா, வேணாம்" என்றான் காஹல் மெதுவாக. "போனவங்க போயிட்டாங்க. இப்ப எதுக்கு?"

"நீ வாய மூடு" என்றேன். "சாயங்காலம் குழி தோண்டறாங்க. இப்ப இல்லாம எப்ப?"

சொன்னேன். மழை, ஜன்னல், நாலாவது பெண்டாட்டி, நான் நடித்துக் காட்டியது, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த போன், அப்பா ஊற்றிய விஸ்கி, வேதப் புத்தகம். ஒன்றையும் மெழுகவில்லை. அவர் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை, சத்தியத்தோடுதான் செத்தார் என்றேன். நான் போன் போடுவேன் என்று நம்பித்தான் வீட்டுக்கு ஓடினார் என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா உங்களக் கேட்டாங்க" என்றாள் கடைசியில். "இங்கிலாந்து போறதுக்கு முன்னாடி."

"கேட்டா."

"எங்கிட்ட சொல்லியிருக்காங்க. ரொம்ப நாள் அவங்க விசாரணைய நம்பலயாம். டாக்டர நம்பல, பேப்பர நம்பல. ஊர்ல ஒருத்தராவது முகத்தப் பாத்துப் பேசினாங்களான்னா, இல்லயாம். கேரகன் பொண்ணு ஒருத்திதான் என் கண்ணப் பாத்துச் சொன்னா, அவ பொய் சொல்ல மாட்டான்னு சொல்லுவாங்க. நீங்க சொன்னதாலதான் நம்பினாங்க."

கவுண்டர் துணியை எடுத்துத் துடைத்த இடத்தையே துடைத்தேன். நாற்பத்தொரு வருடமாக நான் என்னை அந்த ஒன்பது பேரோடு ஒருத்தி, ஊரோடு ஒருத்தி என்று எண்ணித்தான் தூங்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தலையணையையும் உருவிவிட்டாள்.

"என்ன மன்னிச்சிடு பினோலா."

"நான் யாரு மன்னிக்க? கேட்டது அவங்க." அவள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். "போன் எங்க இருக்கு?"

காட்டினேன். குழி தோண்டும் ஆட்களைக் கூப்பிட்டு, அங்கே வேண்டாம், இங்கே கோயில் தோட்டத்தில் டூஹி கல்லறையைத் திறங்கள் என்றாள். யாரோ ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். "எங்கப்பா, அம்மாவுக்காகக் காத்துட்டு இருக்காரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "வாங்க."

"எங்க?"

"கோயிலுக்கு."

எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. இருக்கிற முகம் இது ஒன்றுதானே. கவுண்டர் துணியைக்கூடக் கீழே வைக்காமல் அவள் பின்னால் நடந்தேன். காஹல் கொஞ்ச தூரம் விட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான்.

கோயிலில் இருபது பேர் போல ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஊர்க்காரர்கள், எனக்குத் தினமும் வணக்கம் சொல்கிறவர்கள், அந்த ஏழு பேரின் பிள்ளைகளும் மருமக்களும். பீடத்துக்கு முன்னால் வின்னியின் பெட்டி மூடியிருந்தது. பினோலா என்னை நேரே அதன் தலைமாட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஜெபம் ஒவ்வொரு குரலாக நின்றது.

நான் குனிந்தேன். வாய் உலர்ந்துபோயிருந்தது. "வின்னி" என்றேன். "நீ கேட்டியே. அவர் வந்தாரு. நான்தான் தொறக்கல."

எனக்கே கேட்காத அளவுக்குத்தான் சொன்னேன். பினோலா என் முழங்கையைத் தொட்டாள்.

"இன்னும் சத்தமாச் சொல்லுங்க" என்றாள். "கடைசி காலத்துல அம்மாவுக்குக் காது சரியாக் கேக்காது."